ஒரு ஆற்றின் பேரும் எங்கள் ரிக் வண்டியும்

போர்வெல் தொழிலில் பூமியைத் துளைப்பது சுலபம், போகிற ஊரிலெல்லாம் "நீ யார்?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். வெளிமாநிலத்தில் பிழைக்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். லாரி ஓட்டுகிறவர்கள், பேக்கரி வைத்திருக்கிறவர்கள், துணி மூட்டையோடு ரயிலேறுகிறவர்கள் எல்லோரும் என் கட்சி. ஆகவே உங்களிடம் மனம்விட்டுச் சொல்லலாம். நான் புதுச்சத்திரத்துப் பக்கத்துக்காரன். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றுக்கு மேனேஜர். மேனேஜர் என்றதும் கண்ணாடி அறையும் சுழல் நாற்காலியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் பாறைத் தூளோடு, கிணறு போடுகிற பார்ட்டியிடம் உடைந்த இந்தியில் வாதாடுகிறவன் என்று அர்த்தம்.

ஊரில் யாரும் கேட்காதது

எங்கள் ஊர்ப்பக்கம் புதுமுகத்தைக் கண்டால் முதலில் ஊரைக் கேட்பார்கள். அப்புறம் எந்தக் குலத்துக் கூட்டம், எந்தக் கோயில் என்பார்கள். இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் போதும், காப்பி ஆறுவதற்குள் மாமன் மச்சான் முறை வரைக்கும் போய்விடுவார்கள். "நீங்கள் ஹிந்துவா?" என்று எங்கள் ஊரில் என்னை ஒருவர்கூடக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் அந்தச் சொல் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன வருஷம் லடாக்கிலிருந்து எங்களுக்கு ஒரு வேலை வந்தது. மலைகளுக்கு அந்தப் பக்கம், பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்று. குளிர்காலத்தில் குழாயெல்லாம் உறைந்துவிடும். பிள்ளைகள் ஆற்றுக்குப் போய்ப் பனிக்கட்டியைக் கொத்திச் சுமந்துவந்து, உருக்கிக் குடிக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் போன இரண்டு ரிக் வண்டிகள் தண்ணீர் எடுக்க முடியாமல் திரும்பியிருந்தன. இந்தத் தடவையும் தண்ணீர் வராவிட்டால் விடுதியை மூடிவிடுவார்கள், பிள்ளைகளின் படிப்பு அத்தோடு முடிந்தது என்று விடுதியைப் பார்த்துக்கொள்ளும் டோல்மா போனில் சொன்னார். பனி விழுந்து கணவாய்கள் மூடுவதற்குள் போய், வேலையை முடித்து, திரும்பியும் வந்தாக வேண்டும். முதலாளி யோசித்தார். நான் யோசிக்கவில்லை. இரண்டு பேர் தோற்ற இடம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

துளை போடும் டிரில்லர், பள்ளிபாளையம் காதர் பாய். டிரைவர், தம்மம்பட்டி பெரியண்ணன். துளைக்கும் ராடும் அதன் முனையில் மாட்டும் பிட்டும் கேசிங் பைப்பும் ஏற்றி முடித்த பிறகு, பெரியண்ணன் ஒரு மூட்டைத் தேங்காயையும் ஏற்றினார். லடாக்குக்கு எதற்கய்யா இத்தனை தேங்காய் என்று முதலாளி கேட்டார். பெரியண்ணன் மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"அங்க டீசல் கிடைக்கும், தண்ணிகூடக் கிடைச்சாலும் கிடைக்கும், தேங்காய் கிடைக்காது முதலாளி. பூசை போடாம நான் வண்டிக்கு ஜாக்கி இறக்கித் துளை போட விடமாட்டேன்."

வயல் எல்லையில் ஒரு சேவல்

வண்டி அவ்வளவு தூரம் சும்மா போகக் கூடாது என்று மத்தியப் பிரதேசத்தில் ஒரு விவசாயிக்குக் கிணறு போட ஏற்பாடு செய்திருந்தார் முதலாளி. அந்த சீசனின் முதல் குழி. முதல் குழி என்றால் எங்கள் வண்டியில் கருப்பனாருக்குச் சேவல் உண்டு. பெரியண்ணன் சேவலின் காலைக் கட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது அந்த விவசாயி வயலின் மறுகோடியிலிருந்து ஓடிவந்தார். கழுத்தில் துளசி மாலை. வெங்காயம்கூடச் சேர்க்காத குடும்பம். "நீங்க ஹிந்துதானே?" என்றார். ஆமாம் என்றேன். "ஹிந்து எங்கேயாவது சாமிக்குக் கோழி அறுப்பானா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கருப்பனார் காவல்தெய்வம், ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கிறவர், சர்க்கரைப் பொங்கலோடு திருப்திப்படுகிற ஆள் இல்லை என்பதையெல்லாம் விளக்க வேண்டும். என் இந்தியில் அது, "எங்கள் சாமி மீசைக்காரர், கோபக்காரர், வயிற்றுக்கு சைவம் ஒத்துக்கொள்ளாது" என்று வந்தது. அவர் காதைப் பொத்திக்கொண்டார். ராமரையும் அனுமாரையும் நானும் கும்பிடுகிறவன்தான் என்றேன். அப்படியென்றால் கோழியை விடு என்றார். என் சாமியை என் கையிலிருந்து பிடுங்குகிற மாதிரி இருந்தது எனக்கு. கடைசியில் காதர் பாய் நடுவில் புகுந்து, சேவலைத் தூக்கி லாரிக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார். தேங்காயை மட்டும் உடைத்து வேலையைத் தொடங்கினோம், தண்ணீரும் தாராளமாக வந்தது. விவசாயி குடும்பத்தோடு வந்து எங்களுக்குத் திலகம் வைத்து, பூரியும் அல்வாவும் வயிறு கொள்ளாமல் போட்டார். கோபம் இருந்தாலும் அல்வா நன்றாயிருந்தது என்று சொல்லாமல் இருக்க முடியாது. வண்டி கிளம்பும்போது ஜன்னலருகே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நீங்க எந்த மாதிரி ஹிந்துவோ எனக்குத் தெரியாது. அந்தக் கோழிப் பூசையை மட்டும் என் வயல் எல்லை தாண்டினதும் வெச்சுக்கங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பேர் வைத்தது யார்?

வழியெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை. நாமக்கல்லில் கல்லூரியில் வரலாறு படிக்கிற என் மகள் சுகன்யாவுக்குப் போன் போட்டேன். ஹிந்து என்றால் என்ன அர்த்தம், அது எந்த ஏட்டில் இருக்கிறது, அதில் கோழியைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று ஒரே மூச்சில் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "கோவப்படாமக் கேளுங்கப்பா" என்று ஆரம்பித்தாள்.

சிந்து என்பது ஒரு ஆறு. சமஸ்கிருதத்தில் அந்தச் சொல்லுக்கே ஆறு, பெருவெள்ளம் என்றுதான் பொருளாம். ஆற்றுக்கு மேற்கே இருந்த பாரசீகர்கள் நாம் 'ஸ' என்கிற இடத்தில் 'ஹ' என்பார்கள். அவர்கள் வாயில் சிந்து, ஹிந்து ஆயிற்று. அவர்களுடைய பழைய கல்வெட்டுகளில் அது ஆற்றங்கரை நாட்டின் பெயர். அதில் சாமி, பூசை என்ற பேச்சே இல்லை. கிரேக்கர்கள் அந்த 'ஹ'வையும் விட்டுவிட்டார்கள், அதிலிருந்து இந்தியா வந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன் எவனோ அவன் ஹிந்து, அவ்வளவுதான். எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்பதற்கான பேராக அது மாறியது வெகுகாலம் கழித்து. பிற்பாடு நம் ஆட்களே அதை ஏற்றுக்கொண்டார்கள், வெள்ளைக்காரன் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தபோது அது இன்னும் கெட்டிப்பட்டது என்றாள்.

கேட்கக் கேட்க எனக்கு ஒருபக்கம் சந்தோஷம், ஒருபக்கம் ரோஷம். கோழி விஷயத்தில் நான் ஜெயித்துவிட்டேன், அது சந்தோஷம். ஆனால் எங்கோ இருக்கிற பாரசீகன் நமக்குப் பேர் வைப்பதா? "ஏஞ்சாமி, நம்ம பேர நாமளா வெக்கலையா? அக்கட்ட இருக்கறவன் கூப்புட்டதையா நாம வெச்சுக்கிட்டுச் சுத்தறோம்?" என்று சத்தம் போட்டேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை:

"ஏனுங்கப்பா, உங்க பேர நீங்களாவா வெச்சுக்கிட்டீங்க?"

பாய்க்கு முந்தியே கிடைத்தது

ஸ்பீக்கரில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்த காதர் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் இளவயதில் வளைகுடா நாட்டில் பாலைவனத்தில் கிணறு போட்டவர். அங்கே அவருடைய போர்மேன் ஒரு அரபிக்காரர். முதல் நாளே அவரை, "ஏ ஹிந்தி, இங்கே வா" என்று கூப்பிட்டிருக்கிறார். பாய்க்கு இந்தி அப்போது ஒரு வார்த்தை தெரியாது. "நான் தமிழ், முஸ்லிம், நோ ஹிந்தி" என்று கைகால் ஆட்டிச் சொல்லிப் பார்த்தாராம். போர்மேன் ஒத்துக்கொள்ளவில்லை. உன் நாடு ஹிந்த், ஆகவே நீ ஹிந்தி, இதில் பாஷைக்கும் தொழுகைக்கும் என்ன வேலை என்று கேட்டாராம். பக்கத்தில் நின்ற மலையாளத்துக்காரரும் ஹிந்தி, பஞ்சாப் சர்தாரும் ஹிந்தி. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நின்று தொழும்போதும் பாய் அங்கே ஹிந்திதான்.

"அப்ப உங்களுக்குக் கோவம் வரலையா பாய்?" என்று கேட்டேன். முதலில் வந்தது என்றார். அப்புறம் ஒருநாள் யாருமே தண்ணீர் இல்லை என்று கைவிட்ட மணல்மேட்டில் இவர் தண்ணீர் எடுத்தாராம். அந்த போர்மேன் ஊராரை எல்லாம் கூட்டிவந்து, இது எங்கள் ஹிந்தி எடுத்த தண்ணீர் என்று காட்டினாராம். அதைச் சொல்லும்போது பாயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மீசை இல்லாத குறைதான், இருந்திருந்தால் முறுக்கியிருப்பார். எனக்கும் அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இஞ்சின் மூடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"நீங்க இப்பத்தான் அந்த ஆத்துப் பேர விசாரிக்கறீங்க மேனேஜருங்க, எனக்கு அத அரபிக்காரன் எப்பவோ ஒட்டி உட்டுட்டானுங்க."

சோதனைச் சாவடி

எங்கள் வண்டி நெற்றியில் அர்த்தநாரீஸ்வரர் துணை. அதற்குக் கீழே முருகன் வேல். இடப்பக்கக் கதவில் கருப்பனார், வலப்பக்கக் கதவில் பெரியண்ணனின் குலசாமி. கம்ப்ரஸர் மூடியில் காதர் பாய் எழுதிய 786. முன்பு வேலைபார்த்த ஹெல்ப்பர் ஒருவர் டீசல் டேங்கில் வரைந்துவிட்டுப் போன சிலுவையை அழிக்க யாருக்கும் மனசு வரவில்லை. இமாசல எல்லையில் வண்டியை நிறுத்திய போலீஸ்காரர் டார்ச் அடித்து இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வண்டியைச் சுற்றிவந்தார். எது எந்தச் சாமி என்று கேட்கக் கேட்க நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். வண்டியின் வால்பக்கம் வந்ததும் அவர் நின்றார்:

"இத்தனை சாமி இருந்தும் பின்னாடி விளக்கு ஒண்ணு எரியலையே!"

அந்த ஆறு

மணாலி வழியாகப் போனால் கணவாய்களை எல்லாம் ஏறி இறங்கிய பிறகுதான் முதன்முதலாக அந்த ஆறு கண்ணில் படும். கணவாய்களில் பட்ட பாட்டைச் சொல்லப்போவதில்லை. தலைவலி, வாந்தி, மூச்சு முட்டல், நாலு எட்டு நடந்தால் உட்காரத் தோன்றும். கொல்லிமலைக் கொண்டை ஊசிகளைப் பற்றி இனிமேல் யாரிடமும் பெருமை பேசமாட்டேன் என்று பெரியண்ணன் சத்தியம் செய்தார். ஒரு வளைவில் பெரியண்ணன் வண்டியை ஓரங்கட்டி, "மேனேஜரே, உங்க ஆறு" என்றார்.

ஒரு புல் பூண்டு இல்லாத மொட்டைமலைகளுக்கு நடுவே பச்சையும் சாம்பலுமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் என்னவோ கடல்போல எதிர்பார்த்துப் போயிருந்தேன். பள்ளிபாளையம் பாலத்தில் நின்று பார்க்கிற காவிரி இதைப்போலப் பல மடங்கு அகலம். காதர் பாயும் அதைத்தான் சொன்னார், அவருக்குக் காவிரியை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. ஆனாலும் கரையில் இறங்கித் தண்ணீரில் கையை வைத்தேன். குளிரில் விரல் மரத்துப்போனது, எடுக்க மனசில்லை. இந்தத் தண்ணீருக்கு அந்தக் கரையில் நின்று எவனோ கூப்பிட்ட பேர், மலை இறங்கி, பாலைவனம் தாண்டி, எங்கள் புதுச்சத்திரம் வரைக்கும் வந்திருக்கிறது. பேர் வெளியிலிருந்து வந்தாலும் அது வந்தது தண்ணீரிலிருந்து. தண்ணீர்த் தொழில்காரனுக்கு இதைவிடப் பெருமை வேறு என்ன வேண்டும்? காதர் பாய் அதே தண்ணீரில் கைகால் முகம் கழுவிக்கொண்டு தொழுதார். பெரியண்ணன் குலசாமிக்கு என்று ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டார்.

சாலையோரத்தில் தேநீர்க் கடை வைத்திருந்த அம்மாளிடம் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. இதுதானே சிந்து என்றேன். வெளியூர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், எங்களுக்கு இது சிங்கத்தின் வாயிலிருந்து வருகிற ஆறு, சிங்கே என்போம் என்றார். எங்கள் பேரே இந்த ஆற்றிலிருந்து வந்ததுதான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்:

"பேரை எங்க ஊர்லேர்ந்து எடுத்துட்டுப் போயிட்டீங்க, சரி. தேநீராவது காசு கொடுத்துக் குடிங்க."

குளிரில் வெடித்த தேங்காய்

விடுதியை அடைந்தபோது பிள்ளைகள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். கம்பளித் தொப்பிக்குள் ஆப்பிள் கன்னங்கள். டோல்மா எங்களை நிற்கக்கூட விடாமல் இடத்தைக் காட்டினார். முந்தைய இரண்டு குழிகளும் கல் போட்டு மூடிக் கிடந்தன. அடுத்த நாள் காலை பூசைக்குத் தேங்காய் எடுக்க மூட்டையைப் பிரித்த பெரியண்ணன், ஐயோ என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கணவாய்க் குளிரில் உள்ளே இருந்த தண்ணீர் உறைந்து, தேங்காய் ஒவ்வொன்றும் தானாகவே வெடித்திருந்தது. எலுமிச்சம்பழம் கூழாங்கல்லாகியிருந்தது. உலகத்தில் வேறு எந்த ரிக் வண்டிக்காரனுக்கும் இது ஒரு பிரச்சினையே இல்லை. எங்களுக்கு உயிர் போகிற பிரச்சினை. பூசைக்கு வைத்த தேங்காய் உடைக்காமலே உடைந்துகிடந்தால் வண்டிக்கு ஜாக்கி இறக்குவது எப்படி? பெரியண்ணன் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். டோல்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பனி இறங்குவதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, இவர்கள் காயைப் பார்த்து அழுகிறார்களே என்று அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. முன்னால் வந்தவர்கள் இப்படி எதையும் கேட்காமலே தோண்டிவிட்டார்கள், அதுதான் எங்கள் ஊராருக்கு இன்னும் ஆற்றாமை என்றார். அவர்கள் வழக்கத்தில் மண்ணுக்கு அடியில், தண்ணீர் இருக்கிற இடத்தில் லூ என்ற நாகங்கள் குடியிருக்கின்றனவாம். அவற்றிடம் அனுமதி கேட்காமல் பூமியில் கைவைக்கக் கூடாதாம். நாகம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பெரியண்ணன் எழுந்துவிட்டார். திருச்செங்கோட்டு மலைப்படியில் பாறையிலே செதுக்கிய பெரிய நாகர் இருக்கிறாரே, அவர்மேல் கொட்டி எடுத்த குங்குமம் எப்போதும் பெரியண்ணனின் ஸ்டீரிங்குக்கு மேலே டப்பாவில் இருக்கும். அதை எடுத்துவந்தார். ஊர் லாமா பாலும் வாற்கோதுமையும் தெளித்து மந்திரம் சொன்னார். பெரியண்ணன் பிட்டுக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் குங்குமம் வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே லாமாவின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார். லாமா சிரித்தார். டோல்மா எங்களை உள்ளே கூப்பிட்டார்:

"உங்க பாம்பும் எங்க பாம்பும் கொஞ்சநேரம் பேசிக்கட்டும், நாம போய்த் தேநீர் குடிப்போம்."

நம்ம ஊர்ப் பாறை இல்லை

எங்கள் பக்கத்தில் மண் முடிந்து பாறை தொடங்கினால் டிரில்லருக்குக் கவலை விட்டது. மேலே மண் சரியாமல் இருக்கக் கேசிங் பைப்பைப் பாறைமேல் உட்கார வைத்துவிட்டு, அதற்குக் கீழே வெறுமனே துளைத்துக்கொண்டு போகலாம். பாறையே சுவர். அங்கேயும் சீக்கிரமே பாறை தட்டியது. நான் விசில் அடித்தேன். பைப்பை உட்கார வைத்தோம், துளைத்தோம். திடீரென்று ராடு தொபுக்கென்று கீழே இறங்கியது. பாறைக்குக் கீழே சரளை, அதற்குக் கீழே மணல், மறுபடி பாறை. பக்கமெல்லாம் சரிந்து வந்து பிட்டைக் கவ்விக்கொண்டது. பனியாறு காலங்காலமாக உருட்டிக் கொண்டுவந்து போட்ட உருண்டைக் கல்லை நாங்கள் சேலத்துக் கரும்பாறை என்று நம்பியிருக்கிறோம். முன்னால் வந்த இரண்டு வண்டிகளும் எங்கள் பக்கத்து வண்டிகள்தான். அவர்களும் இதே கல்லில்தான் இதே பைப்பை உட்கார வைத்திருக்கிறார்கள். சேலம் நாமக்கல் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் பாறைமேல் இவ்வளவு நம்பிக்கை வராது.

பிட்டை மீட்பதற்குள் எங்கள் பிராணன் போய்விட்டது. காற்று மெலிந்த ஊர் அது, கம்ப்ரஸரும் எங்களைப் போலவே மூச்சு வாங்கியது. காதர் பாய்தான் யோசித்துச் சொன்னார், பாலைவன மணலில் செய்வதுபோல் செய்வோம், பெரிய பிட்டைப் போட்டு, துளைக்கத் துளைக்கப் பைப்பையும் கூடவே இறக்கிக்கொண்டு போவோம் என்று. இடத்தைக் கொஞ்சம் தள்ளி மறுபடி தொடங்கினோம். பைப்போடு பைப்பாக வெல்டிங் வைத்து இறக்கினோம். அதற்குள் முதலாளி போன் செய்தார். கணவாயில் பனி விழ ஆரம்பித்துவிட்டதாம், உடனே கிளம்பு, மாட்டிக்கொண்டால் சித்திரை வரைக்கும் வண்டி அங்கேதான் என்றார். போனைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தேன். விடுதி வாசலில் பிள்ளைகளின் தகரப் பெட்டிகளை வெளியே எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காதர் பாய் பக்கம் திரும்பினேன். காதர் பாய் லீவரிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

"முதலாளிகிட்ட நாளைக்கி வாரோமுன்னு சொல்லுங்க மேனேஜருங்க. இது பாறை வேசம் போட்ட கல்லுங்க, வேசம் கலைஞ்சிருச்சுங்க."

ஆவி பறந்த தண்ணீர்

மறுநாள் பகல் சாய்கிற நேரத்தில் துளையின் வாயில் சத்தம் மாறியது. இத்தனை வருஷத் தொழிலில் அந்தச் சத்தத்தை நான் எப்போது கேட்டாலும் மயிர்க்கூச்செடுக்கும். முதலில் சேறு வந்தது, பிறகு சாம்பல் தண்ணீர், அப்புறம் கண்ணாடியாகத் தெளிந்து ஆளுயரத்துக்கு மேலே பீய்ச்சி அடித்தது. வெளியே அத்தனை குளிர், பூமிக்குள்ளிருந்து வந்த தண்ணீரிலோ ஆவி பறந்தது. பிள்ளைகள் வீல் என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருத்தி கையை நீட்டிவிட்டு, சுடுகிறது, சுடுகிறது என்று குதித்தாள். சுடவெல்லாம் இல்லை, பனிக்கட்டி சுமந்த கைக்கு அது அப்படித் தெரிந்திருக்கிறது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. பெரியண்ணன் வண்டியைத் தொட்டுக் கும்பிட்டார். காதர் பாய் இரண்டு கைகளையும் ஏந்தி வாய்க்குள் ஏதோ சொன்னார். லாமா வாற்கோதுமையை அள்ளி எல்லோர் தலையிலும் தூவினார். ஒரே தண்ணீருக்கு ஆளுக்கொரு வழியில் நன்றி போய்ச் சேர்ந்தது.

டோல்மா விடுதி வாசலுக்கு ஓடினார். பெட்டிகளை உள்ளே கொண்டுபோகச் சொல்லிப் பிள்ளைகளை விரட்டினார். பிறகு ஒரு வெள்ளைத் துண்டைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டார். வழக்கம்போல, நான் புதுச்சத்திரத்துக்காரன், ஹிந்து, எங்கள் பேர் உங்கள் ஆற்றிலிருந்து வந்தது என்று மகள் சொன்னதையெல்லாம் அவருக்கும் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே கையமர்த்தினார்:

"அந்தப் பேரை நீங்களே வெச்சுக்கங்க. எங்க ஊர்ல தண்ணிக்குப் பொறுப்பானவரை சுர்பொன்னு கூப்பிடுவோம், இன்னையிலேர்ந்து இந்தப் பிள்ளைங்களுக்கு நீங்க சுர்பொன்."

ஆக, ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவன் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்த எனக்கு, என் பேர் எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள இமயமலை ஏற வேண்டியிருந்தது, ஏறிய இடத்திலும் சும்மா விடாமல் இன்னொரு தண்ணீர்ப் பேரைச் சூட்டித்தான், கணவாய் மூடுவதற்குள் இறக்கி அனுப்பினார்கள்.